மறையாத மகரம்

ஐரிஷ், ஸ்காட்லாந்து கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த மொழிகள். இவற்றில் சொல்லின் முதல் மெய் இலக்கணச் சூழலுக்கேற்ப ஒலி திரியும். ‘அன்னை’யைக் குறிக்கும் சொல் மகரத்தில் தொடங்கும், ‘என் அன்னை’ எனும்போது ஐரிஷிலும் மாங்க்ஸிலும் அது வகரத்தையொட்டி ஒலிக்கும். பழைய ஐரிஷ் அச்செழுத்து மகரத்தை நீக்காமல் அதன்மேல் புள்ளியிட்டது. இன்றைய ஐரிஷும் ஸ்காட்லாந்து கேலிக்கும் மகரத்தையடுத்து ‘எச்’ எழுதுகின்றன. வேர்ச்சொல் கண்ணுக்குத் தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் அச்சேறிய மாங்க்ஸ் விவிலியமோ, ஆங்கில எழுத்து மரபைத் தழுவி, கேட்ட வகரத்தையே எழுதியது. ஆங்கிலம் அறிந்தோர்க்கு அது எளிது. ஆனால் ஐரிஷ் கற்றோர், எழுத்தில் தம் உறவுமொழியை இனங்காணத் தடுமாறுகின்றனர். மாங்க்ஸைத் தாய்மொழியாகப் பேசிய இறுதி மூத்தவர் நெட் மாட்ரெல் 1974-இல் மறைந்தார். மீட்டெடுக்கப்படும் மாங்க்ஸ் இன்றும் அவ்வெழுத்துமுறையிலேயே கற்பிக்கப்படுகிறது.