கண்ணாடி உடைந்தால் காசு எங்கே போகிறது?

மடிக்கணினித் திரை விரிசல் விட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரு வசனம் பேசியிருப்பார்கள்: "இதுக்குப் பேசாம புதுசே வாங்கிடலாம் போல இருக்கே." பொட்டி தட்டிப் பிழைக்கும் நம் கூட்டத்துக்கு இது மனப்பாடம். இந்த வசனத்துக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஆனால் திரை விலைக்கான காரணம் மட்டும் இதற்குள் மூன்று முறை மாறிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1888-ல் பிராக் நகரில் ஃப்ரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். 145 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178 டிகிரியைத் தாண்டியதும் தெளிந்துவிட்டது. நடுவில் இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். திரவம் மாதிரி ஓடும், படிகம் மாதிரி ஒளியைத் திருப்பும். எண்பது வருஷம் அது ஆய்வுக்கூட வேடிக்கையாகவே இருந்தது. 1968-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் அதை வைத்துக் காட்சித் திரை செய்து காட்டினார்கள். ஆர்சிஏவுக்கோ படக்குழாய் டிவி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த நேரம், பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானின் ஷார்ப் கண்டுகொண்டது. 1973-ல் திரவப் படிகத் திரை வைத்த கால்குலேட்டரைக் கடைக்குக் கொண்டுவந்தது.

கால்குலேட்டரில் நாலு எண் தெரிந்தால் போதும். கணினிக்கு லட்சக்கணக்கான புள்ளிகள் வேண்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தவும் வேண்டும். அதற்கு ஒவ்வொரு புள்ளிக்கும் கண்ணாடி மேலேயே ஒரு டிரான்சிஸ்டர். 1970-களில் வெஸ்டிங்ஹவுஸில் பீட்டர் பிராடி இந்த வழியைக் காட்டினார். 1979-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியர், லெகாம்பர் இருவரும் இதற்குத் தோதான சிலிக்கான் படலத்தைக் கண்டார்கள். நாம் சொல்லும் டிஎஃப்டி திரை இப்படி வந்ததுதான்.

விலைக்கான முதல் காரணம் இங்கே இருக்கிறது. 640க்கு 480 என்ற அந்தக் காலத் திரைக்கே, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றால் பெருக்கினால், 9,21,600 டிரான்சிஸ்டர்கள். சில்லு செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் இருக்கும், தூசி விழுந்த நாலைந்தைத் தூக்கி எறிந்தால் போதும். திரை அப்படியில்லை. ஒரு கண்ணாடிப் பலகையில் இரண்டோ நாலோ திரைதான் வெட்ட முடியும். ஒரு தூசி விழுந்தால் பாதியோ காலோ காலி. அப்படிக் குப்பைக்குப் போனதன் செலவும் தேறி வந்த திரையின் தலையில்தான் விழும். 1992-ல் வந்த ஐபிஎம் திங்க்பேட் 700சி-யில் 10.4 அங்குல வண்ணத் திரை, விலை 4,350 டாலர். அந்தத் திரைக்காகவே ஐபிஎம் 1989-ல் தோஷிபாவோடு கூட்டாக ஒரு கம்பெனி தொடங்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. 1991-ல் அமெரிக்கா ஜப்பானியத் திரைகளுக்கு 62.67 சதவீதம் தண்டத் தீர்வை போட்டது. ஆனால் திரை பொருத்தப்பட்டு முழு மடிக்கணினியாக வந்தால் அந்தத் தீர்வை கிடையாது. என்ன நடக்கும்? கணினிக் கம்பெனிகள் பொருத்தும் வேலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகப் பார்த்தன. 1993-ல் தீர்வையை எடுத்துவிட்டார்கள்.

முதல் காரணத்தைத் தீர்த்தவர்கள் பொறியாளர்கள். பலகையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். தொடக்கத்தில் ஒரு பலகை சுமார் 30க்கு 40 சென்டிமீட்டர். 2009-ல் ஷார்ப்பின் சகாய் ஆலையில் அது 2.88 மீட்டருக்கு 3.13 மீட்டர், ஒரு சின்ன அறையின் தரை. 1990-களின் நடுவில் கொரியாவும் கடைசியில் தைவானும் களத்தில் இறங்க, விலை சரிந்தது.

சரிந்த விலை எல்லோருக்கும் பிடிக்குமா? இரண்டாவது காரணம் இதில் பிறந்தது. 2001 முதல் 2006 வரை கொரிய, தைவான் பேனல் கம்பெனிகள் தைவான் ஹோட்டல்களில் மாதம் ஒரு முறை ரகசியமாகக் கூடி விலையைப் பேசி வைத்துக்கொண்டன. ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கில் சுமார் 60 கூட்டங்கள். 2008-ல் எல்ஜி, ஷார்ப், சுங்வா மூன்றும் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மொத்தம் 58.5 கோடி டாலர் கட்டின. 2010-ல் ஐரோப்பா சுமார் 65 கோடி யூரோ அபராதம் போட்டது. கூட்டத்தைக் காட்டிக்கொடுத்த சாம்சங்குக்கு மட்டும் அதில் முழு விலக்கு. 2012-ல் தைவானின் ஏயூஓவுக்கு அமெரிக்காவில் 50 கோடி டாலர். ஆக, இரண்டாவது காரணத்தைத் தீர்த்தது சட்டம்.

இதே காலத்தில் சத்தமில்லாமல் ஒரு நல்லதும் நடந்தது. கணினிக் கம்பெனிகள் சேர்ந்து பேனலின் அளவு, திருகு ஓட்டை, கனெக்டர் இவற்றுக்குப் பொது இலக்கணம் வகுத்தன. அதனால் ஒரு பிராண்டின் 15.6 அங்குலப் பேனல் இன்னொரு பிராண்டிலும் உட்காரும் நிலை வந்தது. தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு, எல்லா இடத்திலும் திரை மாற்றும் கடைகள் பிழைத்தது இந்தப் பொது இலக்கணத்தால்தான்.

பிறகு மெலிதாக்கும் மோகம் வந்தது. 2012-ல் ரெடினா திரையோடு வந்த மேக்புக் ப்ரோவில் திரையும் மூடியும் ஒன்றாகிவிட்டன. முன்கண்ணாடியை ஒட்டுவதில் லாபம் இல்லாமல் இல்லை. மெலிதாகும், வெளிச்சத்தில் பளபளப்பு குறையும். ஆனால் உடைந்தால் மொத்தமும் போகும். ஒட்டாத மாடல்களையும் கம்பெனிகள் மூடியோடுதான் மாற்றித் தருகின்றன என்பதைப் போன குளிர்காலத்தில் நேரிலேயே பார்த்தேன். மெட்ரோ நெரிசலில் பை நசுங்கி என் திரையில் சிலந்தி வலை. சர்வீஸ் சென்டரில் 24,500 ரூபாய் சொன்னார்கள், ஜிஎஸ்டி தனி.

"பேனல் மட்டும் மாத்த முடியாதா?"

"தனியா வராது சார். மூடி, கீல், கேமரா, கேபிள் எல்லாம் சேர்ந்த செட்டுதான்."

உடையாத கீலுக்கும் உடையாத கேமராவுக்கும் நான் ஏன் காசு தர வேண்டும்? நேரு பிளேஸில் மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருப்பவர், பேனலின் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தார். "30 பின்னு பாயி சாப், கிடைக்கும்" என்றார். அரை மணி நேரம், 7,000 ரூபாய். ஆனால் என் அலுவலக நண்பரின் ஒட்டுத் திரையைப் பார்த்ததும் அதே மனிதர் கையை விரித்துவிட்டார்.

ஆக மூன்றாவது காரணம், கண்ணாடி செய்வதன் கஷ்டமும் இல்லை, கண்ணாடி விற்பவர்களின் கூட்டுச் சதியும் இல்லை. உதிரியை உதிரியாக விற்க மனமில்லாததுதான். இதற்கும் சட்டம்தான் வழி. 2014-ல் நம் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகம் தராததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு அது மேல்முறையீட்டுக்குப் போனாலும், கேள்வி கேட்டது கேட்டதுதான். 2021-ல் பிரான்ஸ், மடிக்கணினிகள் மேல் பழுதுபார்க்கும் மதிப்பெண்ணைப் போட்டே விற்க வேண்டும் என்றது. இங்கே 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, டிசம்பரில் ஒரு தளமும் திறந்தது. சட்டமாக ஒன்றும் வரவில்லை. அந்தக் குழு முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் இருந்தன. மடிக்கணினிக்குத் தனி இடமில்லை.

அதுவரை புதுசு வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்பதோடு, "பேனல் தனியா கிடைக்குமா, என்ன விலை?" என்றும் கேட்டு வையுங்கள். விற்பவர் ஙே என்று விழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு பதில் தயாராக இருக்கும்.