3 இலட்சத்து 62 ஆயிரம் கிலோமீற்றர்: ஒரு ஹைபிரிட் காரும் கொஞ்ச வரலாறும்

போன கிழமை ஒரு பழைய மாணவி உட்பெட்டியில் கேட்டிருந்தார்: "சேர், இன்னமும் அந்தப் பிரியஸ்தான் வைச்சிருக்கிறியளோ? பற்றறி போகேல்லையே?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வராது. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் காரின் கதை. 2012இல் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் பாதியை நானும், மீதியைச் சித்தப்பாவின் மகனும் போட்டு, யப்பானில் பாவித்த 2010ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றை வாங்கினோம். அப்போது மீற்றரில் 40 ஆயிரம் கிலோமீற்றர். தம்பி அதை வாடகைக்கு ஓட்டினான். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றிவருவதுதான் பெரும்பாலும் வேலை. வாடகை இல்லாத நாட்களில் கார் என்னிடம் இருக்கும். இன்று மீற்றர் 3 இலட்சத்து 62 ஆயிரம் காட்டுகிறது.

வாங்கிய அன்றே ஊரில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பற்றறி போனால் என்ன செய்வியள்?" இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இந்த வகைக் கார் பிறந்த நாளிலிருந்து உலகம் முழுவதும் கேட்கப்பட்டதுதான்.

பெற்றோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்க்கும் எண்ணம் மிகப் பழையது. 1900ஆம் ஆண்டளவில் வியன்னாவில் லோனர் நிறுவனத்தில் வேலை செய்த இளம் பொறியியலாளர் பெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒரு வண்டியைச் செய்தார். பெற்றோல் இயந்திரம் மின்னைப் பிறப்பிக்கும், சக்கரங்களுக்குள் இருந்த மோட்டார்கள் வண்டியை ஓட்டும். அதற்கு அவர் வைத்த இலத்தீன் பெயரின் பொருள் 'எப்போதும் உயிருள்ளது'. ஆனால் பாரமும் விலையும் அதைக் கொன்றுவிட்டன. 1970களில் அமெரிக்காவில் விக்டர் வூக் என்ற மின்பொறியியலாளர் ஒரு பியூக் ஸ்கைலார்க் காரை ஹைபிரிட் ஆக்கி, அரசாங்கத்தின் சோதனைக்கும் கொடுத்தார். அதுவும் வீதிக்கு வரவில்லை.

யப்பானில் ரொயோட்டா நிறுவனம் 1993இல் ஜி21 என்ற பெயரில் 21ஆம் நூற்றாண்டுக்கான கார் ஒன்றைத் திட்டமிட்டது. தலைமைப் பொறியியலாளராக நியமிக்கப்பட்டவர் தக்கேஷி உச்சியமாடா. அதிர்வையும் இரைச்சலையும் குறைப்பதில்தான் அவருக்கு அனுபவம், அதற்கு முன் ஒரு காரையும் தலைமை தாங்கிச் செய்தவரல்ல. எரிபொருள் சிக்கனம் ஒன்றரை மடங்காக வேண்டும் என்று தொடங்கிய இலக்கு, பிறகு இரண்டு மடங்காக உயர்ந்தது. வழக்கமான இயந்திரத்தால் அது முடியாது என்பதால் ஹைபிரிட்டுக்குப் போனார்கள். முதல் மாதிரி வண்டி 49 நாட்கள் அசையவே இல்லை. கடைசியில் 1997 டிசம்பர் 10இல் யப்பானில் விற்பனை தொடங்கியது. விலை 21 இலட்சத்து 50 ஆயிரம் யென். மறுநாள், டிசம்பர் 11இல், அதே நாட்டின் கியோட்டோ நகரில் காலநிலை உடன்படிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதன் வேலைமுறை எங்கள் தலைமுறைக்கு ஒன்றும் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்து மின்சாரமும் பெற்றோலும் இல்லாமல் இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவுக்குச் செய்தி கேட்ட பிள்ளைகள் நீங்கள். சுற்றும்போது கை கனக்கும் அல்லவா? அந்தக் கனம்தான் மின்னாக மாறியது. பிரியஸில் பிறேக்கை மெதுவாக மிதிக்கும்போதும் இதுவே நடக்கிறது. மோட்டார் டைனமோவாக மாறி, சக்கரத்தின் வேகத்தைத் தின்று, பற்றறிக்கு மின்னை அனுப்புகிறது. அதனால்தான் பிறேக் கட்டைகள் இவ்வளவு காலம் தேயாமல் கிடக்கின்றன. இயந்திரத்தையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. கிளச் இல்லை, தனியான ஸ்ராட்டர் மோட்டார் இல்லை, அல்ரனேற்றர் இல்லை. எங்கள் மூன்றாம் தலைமுறை வண்டியில் இயந்திரத்துக்கு வெளியே ஒரு பெல்ற் கூட இல்லை. இல்லாத பொருள் பழுதாவதில்லை.

பற்றறிக்குச் செய்த உபாயம் இன்னும் எளிமையானது. கணினி அதை முழுக்க நிரம்பவும் விடாது, முழுக்க வடியவும் விடாது. ஏறத்தாழ 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையிலேயே வைத்திருக்கும். தொலைபேசிப் பற்றறி இரண்டு மூன்று வருடத்தில் சோரும்போது இது பத்து வருடத்தைத் தாண்டுவதற்கு அதுவே முக்கிய காரணம்.

ஆனால் நீடிக்கும் என்று கொம்பனி சொன்னால் யார் நம்புவார்கள்? நிரூபித்தவர்கள் ஓட்டியவர்கள்தான். கனடாவின் வன்கூவர் நகரில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் 2001ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றை எடுத்து, இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் 3 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓட்டினார். நிறுவனமே அந்த வண்டியைத் திரும்ப வாங்கிப் பிரித்து ஆராய்ந்தது. 2011இல் அமெரிக்காவின் 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' சஞ்சிகை, 2 இலட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002ஆம் ஆண்டு வண்டி ஒன்றைச் சோதித்தது. பத்து வருடத்துக்கு முன் அவர்கள் சோதித்த புதுப் பிரியஸ் ஒரு கலனுக்கு 40.6 மைல் ஓடியது. இந்தக் கிழட்டு வண்டி 40.4 மைல்.

இனி எங்கள் வண்டிக்கு வருகிறேன். 2021 மார்ச். மீற்றர் 2 இலட்சத்து 61 ஆயிரம். தம்பி முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான், திரையில் சிவப்பு முக்கோணம் எரிந்திருக்கிறது. பயணிகளை வேறு வாகனத்தில் ஏற்றிவிட்டு எனக்கு அழைத்தான். "அண்ணை, எல்லாம் முடிஞ்சுது போல."

நாங்கள் முதலில் போன கராஜில் (பெயர் வேண்டாம்) மூடியைக் கூடத் திறக்கவில்லை. முழுப் பற்றறியும் மாற்றவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். கேட்டுவிட்டு இருவரும் பேசாமல் நின்றோம். "அல்லது உதிரிப்பாகத்துக்குத் தாருங்கோ" என்றார்கள். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி தடை. இதைக் கொடுத்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. தம்பியின் வீட்டு அடுப்பு இந்தச் சக்கரத்தில்தான் எரிந்தது.

அப்போதுதான் சாதாரண தரத்தில் என்னிடம் படித்த ஒருவனின் நினைவு வந்தது. கணக்கில் சுமார், ஆனால் ஆய்வுகூடத்தில் ஒரு அம்மீற்றரைத் தந்தால் வீட்டுக்குப் போகமாட்டான். சுன்னாகப் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கிறான். பாதுகாப்புச் செருகியைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, இறப்பர் கையுறையோடு திறந்தான். உள்ளே 28 கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஆறு கலங்கள், கட்டுக்கு 7.2 வோல்ற், மொத்தம் 201.6 வோல்ற். கணினி அவற்றை 14 சோடிகளாகக் கண்காணிக்கிறது. ஒவ்வொன்றாகச் சுமை கொடுத்து அளந்தான். மூன்று கட்டுகள் 6 வோல்ற் அளவில் நின்றன.

"சேர், முழுக்கப் போகேல்லை. மூண்டு கட்டிலை ஒவ்வொரு கலம் செத்திருக்கு. ஆறிலை ஒண்டு போனால் ஒண்டு தசம் ரண்டு குறையும். நீங்கள் படிப்பிச்சதுதானே."

பிறகு பின் இருக்கையின் பக்கத்திலிருந்த காற்றுத் துவாரத்தைக் காட்டினான். பற்றறியைக் குளிரவைக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. விசிறி முழுக்கச் செம்மண் தூசியும் பஞ்சும். போதாததற்கு, நான் தோட்டத்து மூட்டைகளை அந்தத் துவாரத்தில் சாய்த்து ஏற்றுவது வழக்கம். அது எதற்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெப்பத்தைப் பற்றி முப்பது வருடம் படிப்பித்தவன், ஒரு பற்றறியை மூச்சுத்திணற வைத்துக் கொன்றிருக்கிறேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பழைய கட்டுகள் மூன்றைத் தேடிப் போட்டான். செப்புத் தகடுகளில் ஏறியிருந்த பச்சைக் களிம்பையும் துடைத்தான். "இது நிரந்தரமில்லை சேர், மற்றதுகளும் ஒவ்வொண்டாய்ப் போகும்" என்று அன்றே சொன்னான். அதுவும் சரி. 2023இல் முழுத் தொகுதியையும் புதிதாக மாற்றினோம். ஆனால் இடையில் கிடைத்த அந்த இரண்டு வருடம்தான் எங்களைக் காப்பாற்றியது.

2022 ஓகஸ்ட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மனைவிக்குக் கொழும்பில் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எங்கள் வண்டி லீற்றருக்கு 20 ஓடும். இரண்டு கிழமைப் பங்கீட்டைத் தாங்கியில் சேர்த்து வைத்தால் 40 லீற்றர், 800 கிலோமீற்றர். போகவும் வரவும் சரி, ஒரு துளி மிச்சமில்லை. வீட்டு முற்றத்தில் வண்டியை இரண்டு கிழமை அசைக்காமல் வைத்திருந்தோம். குளிரூட்டியைப் போடாமல், 60ஐத் தாண்டாமல் தம்பி ஓட்டினான். திரும்பி வந்து படலைக்குள் நுழையும்போது எரிபொருள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துச் சிரித்தார்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு விடயம். விசிறியின் துவாரத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது துப்புரவாக்குங்கள். வண்டி 'றெடி' ஆகவில்லை என்றால் உடனே பெரிய பற்றறியைக் குறைசொல்லாமல், பின்னால் இருக்கும் 12 வோல்ற் சிறிய பற்றறியை முதலில் பாருங்கள். மூன்றாம் தலைமுறை என்றால் புகை மீள்சுற்றுக் குழாயில் கரி அடைக்கும். காலையில் இயந்திரம் நடுங்கித் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள், பிறகு ஹெட் காஸ்கற் போகும். செம்மஞ்சள் வயரைத் தெரியாதவர் தொடவேண்டாம், அது உயிரை எடுக்கும்.

போர்ஷேயின் பெயரும் உச்சியமாடாவின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஆனால் தடைக்காலத்தில் மொறிஸ் மைனரின் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடவைத்த எங்கள் கராஜ்காரர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? அந்தக் கைகளிடம் தொழில் பழகியவர்களிடம் பழகியவன்தான் இன்று என் பற்றறியைத் திறந்தவன்.

2025இல் இறக்குமதி மறுபடி திறந்துவிட்டது. "அப்பா, அதை வித்துப்போட்டுப் புதுசு எடுங்கோ" என்கிறான் மகன். யோசிப்போம். செத்த மூன்று கட்டுகளும் என் மேசையில் இருக்கின்றன. அயல் பிள்ளைகளுக்குத் தொடர் இணைப்பு விளங்கப்படுத்த உதவுகின்றன.

உங்கள் ஊரில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள், திருத்தியவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் பெயரோடும் இடத்தோடும் எழுதுங்கள். அவர்களில் பலர் இன்னும் நீண்டகாலம் இருக்கப்போவதில்லை. ஒரு கொப்பியில் சேர்த்து வைக்கிறேன்.