வன்மையும் மென்மையும் ஒரே தகட்டில்

காரின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில், கூரையையும் தரைச்சட்டத்தையும் இணைத்து நிற்கும் தூணைக் கார்த் தொழிலில் பி-பில்லர் என்பார்கள். இன்றைய பல கார்களில் இந்தத் தூணின் மேற்பகுதி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ இழுவிசையைத் தாங்கும். அடிப்பகுதியின் வலு அதில் பாதியைக்கூட எட்டாது. இத்தனைக்கும் பல கார்களில் இரண்டும் ஒரே தகடு, ஒரே கலவை எஃகு, பிரஸ்ஸின் ஒரே அடியில் வடிவம் பெற்றவை. எந்த இடம் எவ்வளவு சூடேறியது, எவ்வளவு விரைவாக ஆறியது என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது. தகட்டின் ஓரிடத்தை வன்மையாக்கி இன்னோரிடத்தை வேண்டுமென்றே மென்மையாக விடும் இந்தத் தொழில்நுட்பம், புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் தொடங்கிச் சுமார் 30 ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்தது.

காரின் உடற்சட்டம் நெடுங்காலம் மென்மையான எஃகுத் தகட்டால் செய்யப்பட்டது. குளிர்ந்த தகட்டை டை எனப்படும் அச்சுகளுக்கு நடுவே வைத்து பிரஸ் அடித்தால் கதவும் கூரையும் சிரமமின்றி உருவாகிவிடும். 1973 இந்தப் போக்கை இரு பக்கமிருந்தும் நெருக்கியது. அமெரிக்காவில் கார்க் கதவுகள் பக்கவாட்டு அழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவு தாங்க வேண்டும் என்ற விதி அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. கார் வலுவாகவும் இருக்க வேண்டும், எடையும் குறைய வேண்டும். தடித்த தகட்டைப் போட்டு வலுவைக் கூட்டும் பழைய வழி இதற்கு உதவாது. மெல்லிய, ஆனால் மிக வலுவான தகடு தேவைப்பட்டது.

அத்தகைய எஃகு கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை; அதை வளைப்பதுதான் சிக்கல். வலு கூடக்கூட எஃகின் நீளும் தன்மை குறையும். ஆழமான மடிப்புகளில் தகடு கிழியும். கிழியாமல் தப்பினாலும், பிரஸ் மேலே எழுந்ததும் வளைத்த தகடு கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொழிற்கூடங்களில் ஸ்பிரிங் பேக் என்று சொல்லப்படும் இந்தக் குணம் வலுவான எஃகில் மிக அதிகம். டையைத் திருத்தித் திருத்தி அடிக்க வேண்டியிருக்கும்; டையும் விரைவில் தேயும்.

விடை ஸ்வீடனின் வட கோடியிலிருந்து வந்தது. போத்னியா வளைகுடாவின் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது லூலியோ நகரம். கிருனா, மால்ம்பெரியெட் சுரங்கங்களின் இரும்புத் தாதுவை நம்பி 1940இல் ஸ்வீடன் அரசு அங்கே நோர்போட்டன்ஸ் யேர்ன்வெர்க் என்ற உருக்காலையை நிறுவியது. எஃகுத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு பிரஸ்ஸில் வடிவமைத்து, அதே டைக்குள் அழுத்திப் பிடித்தபடியே குளிரவைத்துக் கடினமாக்கும் முறை 1970களில் இங்கேதான் உருவானது. 1977இல் இதற்குக் காப்புரிமையும் வந்தது. அதே நகரின் பிளான்யா நிறுவனம் இந்த முறையில் ரம்பத் தகடுகளையும் புல்வெட்டும் கத்திகளையும் செய்தது. 1978இல் அந்த உருக்காலை வேறு இரு ஆலைகளோடு இணைந்து எஸ்எஸ்ஏபி என்ற பெரிய நிறுவனமானது. பின்னாளில் இந்தத் தொழிலை ஹார்ட்டெக் என்ற அதன் கிளை கவனித்துக்கொண்டது.

சூடாக்கித் தோய்ச்சல் போடும் வேலை கொல்லர்களுக்குப் பழையது. அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் முக்கி, காம்புப் பக்கத்தை மெதுவாக ஆறவிடும் கொல்லர், ஓரிடம் கடினமாகவும் ஓரிடம் இளக்கமாகவும் இருக்க வேண்டும் என்பதை அறிந்தவர். லூலியோவின் புதுமை, வடிவமைப்பதையும் தோய்ச்சலையும் ஒரே கணத்தில் ஒரே கருவிக்குள் முடித்ததுதான். அதில் எல்லா இடமும் ஒரே கடினமாகத்தான் வந்தது. கொல்லருக்குத் தெரிந்த அந்த இரண்டாவது பாடத்தைப் பெருந்தொழில் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இந்த முறைக்கு ஏற்ற எஃகு 22எம்என்பி5 என்று குறிக்கப்படுகிறது. அதில் கரிமம் சுமார் 0.22 விழுக்காடு, மாங்கனீசு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். வேலையைச் செய்வது இவற்றோடு சேரும் போரான். ஒரு டன் எஃகில் அது 20 முதல் 50 கிராம் வரைதான் இருக்கும். சூடான எஃகின் படிகத் துகள்களுடைய எல்லைகளில் போரான் அணுக்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. எஃகு குளிரும்போது மென்மையான ஃபெரைட் முளைவிடுவது அந்த எல்லைகளில்தான் என்பதால், அந்த மாற்றம் தாமதப்படுகிறது. டைக்குள் எஃகைக் குளிர்விக்கக் கிடைக்கும் சில நொடி அவகாசம் இந்தத் தாமதத்தால் வருகிறது. போரான் நைட்ரஜனோடு சேர்ந்து வீணாகாதிருக்க, நைட்ரஜனைப் பிடித்துவைக்கச் சிறிது டைட்டேனியமும் சேர்ப்பார்கள்.

உலைக்குள் தகடு 900 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை சில நிமிடம் இருக்கும். அதற்குள் எஃகு முழுவதும் ஆஸ்டெனைட் என்ற அமைப்புக்கு மாறிவிடும். வெளியே எடுத்த சில நொடிக்குள் அது டையை அடைந்தாக வேண்டும். வழியில் ஆறிப்போனால் எல்லாம் கெட்டது. அந்தச் சூட்டில் எஃகு இளகிக் கிடப்பதால் சிக்கலான வடிவத்துக்கும் எளிதில் மடங்கும். டைகளின் உட்புறத்தில் துளைத்த வழிகளில் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கும். மூடிய டை தகட்டின் சூட்டை நொடிக்குச் சுமார் 30 டிகிரி அல்லது அதற்கும் விரைவாக உறிஞ்ச வேண்டும். 400 டிகிரியை ஒட்டி ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்கும். ஜெர்மன் உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரைத் தாங்கிய இது எஃகின் மிகக் கடினமான அமைப்புகளில் ஒன்று. உலைக்குப் போகும் முன் 600 மெகாபாஸ்கலை ஒட்டியிருந்த வலு, டையைத் திறக்கும்போது 1500, அதாவது தொடக்கத்தில் சொன்ன அந்த 150 கிலோ, ஆகியிருக்கும். டையின் பிடிக்குள்ளேயே அமைப்பு மாறிவிடுவதால் ஸ்பிரிங் பேக்கும் ஏறக்குறைய இல்லாமற்போகும்.

கார்த் தொழிலில் இதை முதலில் ஏற்றதும் ஒரு ஸ்வீடன் நிறுவனம்தான். சாப் 1984இல் அறிமுகப்படுத்திய 9000 காரின் கதவுகளுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் போரான் எஃகில் இவ்வாறு செய்யப்பட்டன. கதவுச் சட்டம் நல்ல தொடக்கம்: வடிவம் எளிது, அளவு சிறிது, வெளியே தெரிவதும் இல்லை. ஆயினும் வளர்ச்சி நிதானமாகத்தான் இருந்தது. உலகம் முழுவதும் 1987இல் ஆண்டுக்கு 30 லட்சம் உறுப்புகள் இம்முறையில் செய்யப்பட்டன. 1997இல் 80 லட்சம். அடுத்த பத்தாண்டில் இந்த எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது.

இந்தத் திடீர்த் தாவலுக்கு ஒரு காரணம் மோதல் சோதனைகள். 1997இல் ஐரோப்பாவில், கார்களை மோதிப் பார்த்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு தன் முதல் நட்சத்திர மதிப்பெண்களை வெளியிட்டது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2003இல் பக்கவாட்டு மோதல் சோதனையைத் தொடங்கியது. கார் வாங்குபவர் நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கியதும் பொறியாளர்கள் பி-பில்லரை மறுபடி வரைய வேண்டியதாயிற்று. வோல்வோ தன் முதல் எக்ஸ்சி90 காரின் கூரைச் சட்டத்தில் 2002இல் போரான் எஃகைப் பயன்படுத்தியது. கார் உருண்டாலும் கூரை நசுங்கக் கூடாது என்பது நோக்கம். 2014இல் வந்த இரண்டாம் எக்ஸ்சி90 உடற்சட்டத்தின் எடையில் சுமார் 40 விழுக்காடு சூட்டில் வடித்த போரான் எஃகு.

மற்றொரு காரணம் பூச்சு. பூச்சில்லாத எஃகை 900 டிகிரிக்குக் காய்ச்சினால் காற்றுப் பட்டதும் மேலெல்லாம் செதிலாக ஆக்சைடு படியும். அது டையைச் சுரண்டும், வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். ஒவ்வொரு உறுப்பையும் பிறகு சிறு மணிகளை வீசியடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிரான்சின் யூசினார் நிறுவனம் அலுமினியமும் சிலிக்கனும் கலந்த பூச்சை முன்கூட்டியே தகட்டில் ஏற்றும் வழிக்கு 1998இல் காப்புரிமை கேட்டது. உலைச் சூட்டில் பூச்சும் இரும்பும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, செதில் உண்டாகாத, வண்ணம் நன்றாகப் பிடிக்கும் மேல்தோலாகிவிடும். யூசிபோர் என்ற பெயரில் விற்ற இந்தத் தகடு தொழிலின் பொதுவழக்கே ஆகிவிட்டது. யூசினார் 2002இல் ஆர்செலாரிலும், அது பின்னர் ஆர்செலார்மிட்டலிலும் கலந்தது. இந்தக் காப்புரிமைக்காக ஆர்செலார்மிட்டல் அமெரிக்காவில் 2010இல் ஏகே ஸ்டீல், செவர்ஸ்டால் முதலிய போட்டியாளர்கள்மேல் வழக்கே தொடர்ந்தது. துத்தநாகப் பூச்சு துருவை இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் அது 420 டிகிரியை ஒட்டியே உருகும் உலோகம். உருகிய துத்தநாகம் சூடான எஃகை வளைக்கும்போது துகள் எல்லைகளில் புகுந்து விரிசலை உண்டாக்கும். அதனால் துத்தநாகம் விரும்பியவர்கள் தகட்டை முதலில் குளிர்நிலையில் வடிவமைத்து, பிறகு காய்ச்சித் தோய்ச்சும் இருகட்ட வழியை நாடினார்கள்.

எல்லாவற்றையும் கடினமாக்கத் தெரிந்த பிறகுதான் கடினம் மட்டும் போதாது என்பது உறைத்தது. முழுவதும் மார்ட்டென்சைட்டான தகடு ஏறக்குறைய 6 விழுக்காடுதான் நீளும். அதற்கு மேல் உடையும். பக்கவாட்டில் ஒரு வண்டி மோதும்போது பி-பில்லரின் மேற்பகுதி, பயணியின் நெஞ்சும் தலையும் இருக்கும் உயரத்தில், உள்ளே வளையவே கூடாது. அடிப்பகுதி மடங்கலாம், மடங்குவதே நல்லது. மோதலின் ஆற்றல் அங்கே செலவாகட்டும். ஸ்பாட் வெல்டிங் இடங்களில் இன்னொரு தொல்லை. வெல்டின் சூடு அதைச் சுற்றியுள்ள மார்ட்டென்சைட்டை இளக்கி மென்மையான வளையமாக்கிவிடும். சுற்றிலும் கடினமான தகடு நீள மறுப்பதால் முழு இழுவையும் அந்த வளையத்தில் குவிந்து, விரிசல் அங்கிருந்து கிளம்பும். விளிம்பு முழுவதும் மென்மையாக இருந்தால் இந்தக் குவிப்பு குறையும்.

ஒரே உறுப்பில் இரு குணத்தைக் கொண்டுவரும் முயற்சிகள் 1990களிலேயே தொடங்கிவிட்டன. கடினமாகிவிட்ட உறுப்பின் ஒரு பகுதியை மட்டும் மின்தூண்டல் முறையில் மறுபடி காய்ச்சி இளக்கும் வழியை ஜெர்மனியின் பாடர்போர்ன் பகுதியைச் சேர்ந்த பெண்ட்லர் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே கையாண்டது. இன்று குறுகலான விளிம்புகளுக்கு லேசரும் இவ்வாறு பயன்படுகிறது. இதன் குறை, வரிசையில் கூடுதலாக ஒரு வேலை சேர்வது.

உலையிலேயே பிரிப்பது இன்னொரு வழி. தகட்டின் ஒரு பக்கம் 900 டிகிரி அறையிலும் மறுபக்கம் தணிந்த அறையிலும் இருந்தால், தணிந்த பக்கம் ஆஸ்டெனைட்டாகவே மாறாது. டையில் எவ்வளவு விரைவாகக் குளிர்ந்தாலும் கடினமாகவும் ஆகாது. கேட்க எளிதாக இருக்கும் இந்த வழியைப் பூச்சு தடுமாற வைத்தது. போதிய சூடு படாத இடத்தில் அலுமினியம்-சிலிக்கன் பூச்சு இரும்போடு சரியாகக் கலப்பதில்லை. மிக விரைவாகக் காய்ச்சினாலோ, கலப்பதற்கு முன்பே உருகி வழிந்துவிடும். இதனால் முழுத் தகட்டையும் முதலில் காய்ச்சி, பிறகு ஒரு பகுதியை மட்டும் ஆறவிட்டு டைக்கு அனுப்பும் உலைகள் வந்தன.

இவற்றுள் நுட்பம் மிகுந்தது டையை வகுத்துச் சூடாக்கும் முறை. டையின் பெரும்பகுதியில் குளிர்நீர் ஓட, மென்மை வேண்டிய பகுதியில் மின்சூடேற்றிகள் பொருத்தி அதை 400 டிகிரிக்கு மேல் வைத்திருப்பார்கள். சூடான டையைத் தொட்ட இடத்தில் தகடு மெதுவாகக் குளிர்ந்து, மார்ட்டென்சைட்டுக்குப் பதிலாகப் பெய்னைட் போன்ற இளக்கமான அமைப்பைப் பெறும்; வலு 600, 700 மெகாபாஸ்கலில் நிற்கும். ஒரே டைக்குள் நெருப்பையும் நீரையும் அடுத்தடுத்து வைப்பது லேசான வேலையல்ல. இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விட வேண்டும். சூடான பகுதி விரிவதைக் கணக்கிட்டே அதைக் கடைய வேண்டும். டை திறக்கும்போது தகட்டின் ஒரு முனை கையால் தொடும் நிலைக்கு வந்துகொண்டிருக்க, மறுமுனை இன்னும் 400 டிகிரியில் இருக்கும். வெளியே வந்து ஆறும்போது அந்த முனை மட்டும் சுருங்குவதால் உறுப்பு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலை முன்கூட்டியே கணித்து டையை எதிர்த்திசையில் திருத்தி வைப்பதற்கு, கணினி உருவகத்தோடு டை வேலைக்காரரின் கைப்பழக்கமும் வேண்டியிருக்கிறது.

சூட்டு முறையை மாற்றாமலே இதே பலனைப் பெறுவோரும் உண்டு. கடினமாகும் எஃகையும் கடினமாகாத எஃகையும் லேசரால் ஒட்டி ஒரே தகடாக்கிவிட்டால் உலையும் டையும் பழையபடியே இருக்கலாம். 2014ஆம் ஆண்டு மாடலாக வந்த ஆக்யூரா எம்டிஎக்ஸ் காரின் முன்கதவைச் சுற்றிய முழு வளையமும் லேசரால் ஒட்டிய தகட்டிலிருந்து ஒரே உறுப்பாக வந்தது. காரின் முன்பக்க ஓரத்தில் மட்டும் இடிக்கும் கடுமையான சோதனை 2012இல் அமெரிக்காவில் தொடங்கியதன் நேரடி விளைவுகளில் இதுவும் ஒன்று. மோதலின் ஆற்றல் எங்கே மடிய வேண்டும் என்பதைத் தகட்டை வெட்டும்போதே தீர்மானிக்கும் முறை இது. வடிவத்தில் சுதந்திரம் குறைவென்றாலும், தயாரிப்பில் நம்பகம் அதிகம்.

கார் சாலைக்கு வந்த பின்னும் இந்த எஃகு தன் விதிகளை விடுவதில்லை. தீயணைப்புப் படையினரின் பழைய வெட்டும் கருவிகள் போரான் எஃகுத் தூண்களில் திணறின; கருவி செய்வோர் ஹைட்ராலிக் வெட்டிகளின் விசையைக் கூட்ட வேண்டியிருந்தது. எந்தத் தூணில் எங்கே வலுவான எஃகு இருக்கிறது என்று காட்டும் வரைபட அட்டைகளைக் கார் நிறுவனங்கள் மீட்புப் படையினருக்காக வெளியிடுகின்றன. பட்டறைகளிலும் பழைய பழக்கம் செல்லுபடியாகாது. வளைந்த சட்டத்தை டார்ச் வைத்துக் காய்ச்சி நிமிர்த்தினால், டையில் பெற்ற வன்மை அந்த இடத்தில் போய்விடும். ஆகவே இத்தகைய உறுப்புகளை நிமிர்த்தாமல், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் வெட்டி முழுவதுமாக மாற்றச் சொல்கின்றன பழுதுபார்க்கும் கையேடுகள்.