சரித்திர ஆசிரியர் உருவாகும் முறை

கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர் பிழை விட்டால் விடை பிழைக்கும். சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர் பிழை விட்டால் ஒரு தலைமுறையின் மனமே கோணும். அப்படியிருந்தும், சரித்திரம் படிப்பிப்பதற்குத் தனிப்பயிற்சி எதற்கு, புத்தகத்தை உரத்து வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அது இயலும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். இவ்வெண்ணம் தவறென்பதை உலகம் அறிந்துகொண்ட வகையும் ஒரு சரித்திரமேயாகும்.

பிரஷ்யா தேசத்தில் 1810ஆம் ஆண்டில், உயர்தரப் பாடசாலைகளிற் படிப்பிக்க விரும்புவோர் அரசாங்கப் பரீட்சையொன்றில் தேறவேண்டுமென விதிக்கப்பட்டது. 1826இல், தேறியவரும் ஒரு வருடம் பாடசாலையிற் பயின்று காட்டவேண்டுமென்னும் விதி சேர்ந்தது. அக்காலத்தில் பேர்லின் சர்வகலாசாலையில் ராங்கே என்னும் பேராசிரியர், மாணாக்கரைத் தம்மைச் சூழ இருத்திப் பழைய பத்திரங்களை ஆராயும் முறையைப் பயிற்றினார். இங்கிலாந்தில் 1890 முதல் சர்வகலாசாலைகளுடன் இணைந்த ஆசிரிய பயிற்சிக் கல்லூரிகள் எழுந்தன. ஒக்ஸ்போட்டிற் கல்வியியல் போதித்த கீற்றிங் என்பார், 1910இல் வெளியிட்ட நூலில், பாடசாலை மாணாக்கரின் கையிலேயே மூலச்சான்றுகளைக் கொடுத்து ஆராயச் செய்யலாமென எடுத்துக்காட்டினார். மனனஞ் செய்தலே சரித்திரக் கல்வி என்ற கொள்கை இவ்வாறு தளரத் தொடங்கியது.

நம் நாட்டு நிலை யாது? நமது திண்ணைப் பள்ளிகளில் நிகண்டும் நீதிநூலும் எண்சுவடியும் இருந்தன. சரித்திரம் என்றொரு தனிப்பாடம் இருக்கவில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலையொன்றை நிறுவினர். 1848இல் ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பாடசாலைகளை அமைத்ததோடு, அவற்றுக்கு வேண்டிய ஆசிரியரைப் பயிற்றுவதற்குத் திருநெல்வேலியில் ஒரு கலாசாலையையும் நடத்தியது. 1942இல் இலங்கைச் சர்வகலாசாலையும், 1974இல் யாழ்ப்பாண வளாகமும் உண்டாயின.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் சரித்திரம், பூமிசாஸ்திரம், குடியியல் ஆகியவை சமூகக்கல்வி என ஒன்றாக்கப்பட்டன. ஒன்றைக் கற்றவர் மூன்றையும் படிப்பிக்கவேண்டியவரானார். பின்னர் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. பட்டம் பெற்றபின் கல்வியியலிற் பட்டப்பின் டிப்ளோமா பெறுவது ஆசிரியராவதற்கு ஒரு வழி. 1985 முதல் ஏற்பட்ட தேசிய கல்வியியற் கல்லூரிகளில், இரண்டு வருடம் தங்கிக் கற்று மூன்றாம் வருடம் பாடசாலையிற் பயில்வது மற்றொரு வழியாக அமைந்தது.

வழி எதுவாயினும் பயிற்சியின் உயிர்நிலை ஒன்றே. சொன்னவர் யார், எக்காலத்திற் சொன்னார், யாருக்காகச் சொன்னார் என்று ஒவ்வொரு சான்றையும் வினாவும் பழக்கமே அது. இதனை இரண்டு உதாரணங்களால் விளக்கலாம்.

எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருத கதையை இந்நாட்டில் அறியாதாரில்லை. அதைக் கூறும் மகாவம்சம், போர் நிகழ்ந்து அறுநூறு வருடங்களுக்கு மேலான பின் ஒரு பிக்குவால் எழுதப்பட்டது. எனினும் அந்நூலே, எல்லாளன் பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒத்த நீதி செலுத்தினான் என்கிறது. வென்ற அரசன் அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடு செய்வித்தான் என்றும், பின்வந்த அரசரும் அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் கூறுகிறது. மூலத்தைக் கையில் எடுத்த ஆசிரியர் இதையும் வகுப்பிற் சொல்வார். குறிப்புப் புத்தகத்தை மட்டும் நம்பியவர் போரை மட்டுமே சொல்வார். பசுக்கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட கதை மகாவம்சத்திலும் உண்டு, பெரியபுராணத்திலும் உண்டு. ஆதலால் இரண்டு சாட்சிகள் உளவென்று விரைந்து முடிவு கட்டலாகாது. ஒரு கதையே இரு தேசங்களிலும் வழங்கியிருத்தல் கூடும்.

பிறர் நூலை நிறுக்கும் தராசிலேயே நம் நூலையும் நிறுக்கவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப்புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை நமக்கு அரிய செல்வம். ஆனால் 1544இல் மன்னாரிற் கிறிஸ்தவர்களைக் கொல்வித்த சங்கிலியையும், 1619இற் பறங்கியரிடம் அரசிழந்த சங்கிலியையும் அது ஒருவனாகவே காட்டுகிறது. இடையே எழுபத்தைந்து வருடங்கள்! முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் 1920களில் அந்நூலைப் பிற சான்றுகளுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அதனால் புலவரின் பெருமை குன்றிவிடவில்லை. நம் அறிவே வளர்ந்தது. இவ்விரு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, "ஒருவனே இரண்டையும் செய்திருத்தல் கூடுமா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கும் ஆசிரியரே பயிற்சி பெற்ற ஆசிரியர்.

அப்பொறுமைதான் பயிற்சியில் அரிதிற் கைவருவது. மாதிரிப் பாடம் நடத்தும் புதியவர், கற்றதனைத்தையும் ஒரே பாடவேளையிற் கொட்டிவிட முனைவர். மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரோ பின்வாங்கிலிருந்து, "பிள்ளைகள் எத்தனை கேள்வி கேட்டார்கள்?" என்றே கணக்கெடுப்பார். பாடத்தைச் சுருக்கவும், வினாவை ஒழுங்குபடுத்தவும், பிள்ளை சொல்லும் பிழையான விடையிலுள்ள நியாயத்தைக் காணவும் பல மாதங்கள் செல்லும். 1911இற் காலியில் அகப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இத்தகைய பாடத்துக்கு மிகப் பொருத்தமானது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லில், சீனமொழி புத்தரையும், தமிழ் தெய்வந்துறை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் கருத்தையும் ஒவ்வொரு கூட்டத்துக்குக் கொடுத்துப் பின் ஒன்றுசேர்த்துப் பேசச் செய்தால், நம் தீவின் துறைமுகத்தில் யார் யார் கூடினர் என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்வர்.

இத்தீவில் ஒருவரையொருவர் பழிப்பதற்குச் சரித்திரத்தை ஆயுதமாக எடுத்தவர் எல்லாப் பக்கத்திலும் இருந்தனர். அதன் விலையை நாமனைவரும் கொடுத்தோம். ஆதலால் வாலிபர்களே, வேறு உத்தியோகம் கிடையாதபோது ஏற்கும் தொழிலாக இதனை எண்ணாதீர்கள். பெரியோர்களே, உங்கள் பிள்ளை சரித்திரம் கற்கப்போகிறேன் என்றால் முகஞ் சுளியாதீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டகத்திலுள்ள பழைய உறுதிகளையும் ஏடுகளையும் எடுத்து அப்பிள்ளையின் கையிற் கொடுங்கள். சான்றை மதிக்கக் கற்றவர் பிறரையும் மதிப்பார். அத்தகைய ஆசிரியர் ஊருக்கு ஒருவர் இருந்தாலும் நம் பிள்ளைகளின் எதிர்காலம் நன்றாகும்.