தூசியும் துடைப்பமும்

விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றை அடுத்து அமைந்திருக்கும் ஊர் வெம்பக்கோட்டை. சுற்றிலும் கரிசல் நிலம். கோடையில் ஒரு காற்று எழுந்தால் போதும். தெருவில் கிடந்த புழுதி திண்ணைக்கு வரும். திண்ணையில் படிந்த புழுதி அடுக்களைக்குள் நுழையும். அவ்வூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சென்ற பங்குனியில் என்னிடம் ஒரு யோசனை கேட்டாள். "அண்ணே, வீட்டுக்கு ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கணும். கடையில பல வகை காட்டுறாங்க. எதை வாங்கலாம்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள்.

அவள் கேட்டது ஆடம்பரத்துக்காக அன்று. அவளுடைய இளைய மகனுக்கு இளைப்பு நோய் உண்டு. வீட்டைப் பெருக்கும் வேளையில் அவனுக்கு இருமல் தொடங்கும். இரவில் மூச்சு முட்டும். அவள் கணவர் அருகிலுள்ள பட்டாசு ஆலையில் பணிபுரிபவர். மாலையில் அவர் வீடு திரும்பும்போது துணிகளில் மருந்துத் துகள் ஒட்டியிருப்பதும் உண்டு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே அவள் கேட்டாள். நானோ வரலாறு கற்பிப்பவன்; இயந்திரம் அறியேன். ஆயினும் ஒரு பொருளின் வரலாற்றை அறிந்தால் அதன் குணத்தையும் அறியலாம் என்பது என் நம்பிக்கை. ஆகவே, விலைப் பட்டியலைப் புரட்டுமுன் வரலாற்றைப் புரட்டினேன். அங்கே கண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தூசியோடு மனிதன் செய்யும் போர் பழமையானது. நம் நாட்டில் அப்போரின் படைக்கலம் துடைப்பம். விளக்குமாறு என்றும், வாரியல் என்றும், சீமாறு என்றும் வட்டாரந்தோறும் அதற்குப் பெயர்கள் உண்டு. விளக்கும் மாறு ஆதலால் விளக்குமாறு. பெயரிலேயே பெருமை இருக்கிறது. திருக்கோயில்களில் அதனைத் திருவலகு என்பர். திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் அடியார் போற்றிய தொண்டுகள். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்க உழவாரம் ஏந்திய திருநாவுக்கரசரை நாம் அறிவோம். சமணத் துறவிகளோ மயிற்பீலியைக் கையில் கொண்டனர். அமரும் இடத்திலுள்ள சிற்றுயிர்களுக்கும் ஊறு நேரலாகாது என்பதற்காகவே அம்மென்மையான கருவி.

துடைப்பத்தின் குறை ஒன்றே. அது கண்ணுக்குத் தெரியும் குப்பையைத் தள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியைக் கிளப்பும். கிளம்பிய தூசி காற்றில் நெடுநேரம் மிதந்து மீண்டும் தரையில் படியும், அல்லது நம் மூச்சில் புகும். நம் பாட்டிமார் இதனை அறியாதவர் அல்லர். பெருக்குமுன் நீர் தெளித்தனர். மண் தரையைச் சாணத்தால் மெழுகினர். நீர் தூசியை அமர்த்தியது. மெழுக்கு தூசியைப் பிணித்தது. இவ்வளவில் நம் நாட்டு வீடுகளுக்குத் தீர்வு கிடைத்தது.

மேலை நாடுகளின் நிலை வேறு. குளிர் மிகுந்த அந்நாடுகளில் தரை முழுவதும் கம்பளம் விரித்திருந்தனர். கம்பளத்தின் மீது நீர் தெளிக்க இயலாது, மெழுகவும் இயலாது. அதனை வெளியே கொண்டுபோய்க் கோலால் அடித்தே தூசி போக்கினர். இத்துன்பமே புதிய கருவியைத் தேடத் தூண்டியது. 1860-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த டேனியல் ஹெஸ் என்பவர், சுழலும் தூரிகையோடு துருத்தியையும் இணைத்த ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1869-இல் சிகாகோவின் ஐவ்ஸ் மெகாஃபி கையால் சுழற்றும் விசிறி கொண்ட கருவி ஒன்றை அமைத்தார். ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையால் தள்ள வேண்டும். அது பெரிதும் பரவவில்லை.

1876-இல் மெல்வில் பிஸ்ஸல் செய்த கம்பளம் பெருக்கும் கருவி வெற்றி கண்டது. அவரும் அவர் மனைவி அன்னாவும் மண்பாண்டக் கடை நடத்தியவர்கள். பாண்டம் பொதிந்து வரும் மரத்தூள் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டதே அவருடைய முயற்சிக்குக் காரணம். 1889-இல் கணவர் மறைந்தபின் அன்னா பிஸ்ஸல் அத்தொழிலைத் தாமே தலைமை ஏற்று நடத்தினார். ஆனால் அக்கருவியில் உறிஞ்சும் ஆற்றல் இல்லை. தூரிகை மட்டுமே இருந்தது.

திருப்பம் 1901-இல் வந்தது. லண்டன் அரங்கு ஒன்றில், காற்றை ஊதித் தூசியைப் பெட்டிக்குள் தள்ளும் அமெரிக்கக் கருவி ஒன்றைக் காட்டினர். தூசியில் பாதி பெட்டிக்குச் சென்றது. மீதி பார்த்தவர்மேல் படிந்தது. அங்கிருந்த ஹூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், "ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன?" என்று கேட்டார். இயலாது என்றே விடை வந்தது. பூத் வாதிடவில்லை. பிறிதொரு நாள் ஓர் உணவு விடுதியில், நாற்காலியின் மெத்தைமீது கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சினார். அவருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையின் மறுபுறத்தில் கருமையான தூசி படிந்திருந்தது. ஐயம் தீர்ந்தது.

அவர் அமைத்த பொறி ஒரு வண்டி அளவு பெரியது. குதிரைகள் அதனை இழுத்துச் செல்லும். எண்ணெய் இயந்திரம் அதனை இயக்கும். பொறி தெருவிலே நிற்கும். நீண்ட குழாய்களைப் பணியாளர் சன்னல் வழியே வீட்டினுள் கொண்டுசெல்வர். செல்வர் வீட்டு மகளிர் தோழியரை அழைத்து, தேநீர் அருந்தியபடியே தம் வீட்டுத் தூசி வெளியேறும் காட்சியைக் கண்டு வியந்தனர். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயக் கம்பளங்களை இப்பொறியே தூய்மை செய்தது. முதல் உலகப் போரின்போது கடற்படையினர் தங்கியிருந்த படிக அரண்மனையில் காய்ச்சல் பரவியது. அங்கே 15 பொறிகளை இயக்கி 26 டன் தூசியை வெளியேற்றியதாகக் கூறுவர். தூய்மைப் பொறி, செல்வர் காணும் வேடிக்கை என்னும் நிலை கடந்து, உடல்நலக் கருவியாக மதிக்கப் பெற்றது இவ்வாறே.

இப்பொறி எவ்வாறு வேலை செய்கிறது? அது தூசியை இழுக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நம்மைச் சூழ்ந்த காற்று ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர்மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மக்டபர்க் நகரத் தலைவர் ஒட்டோ ஃபான் கெரிக்கே, இரண்டு செப்பு அரைக்கோளங்களைப் பொருத்தி உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது அரிதாயிற்று. வெளிக்காற்றின் அழுத்தமே அவற்றைச் சேர்த்துப் பிடித்தது. தூய்மைப் பொறியிலும் இதுவே நிகழ்கிறது. உள்ளே விசிறி விரைந்து சுழன்று காற்றை வெளியேற்ற, உள்ளழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அவ்விடத்தை நோக்கி விரைகிறது; தரைத் தூசியையும் உடன் கொண்டு செல்கிறது. வழியில் வைத்த வடிகட்டி தூசியை நிறுத்தி, காற்றை மட்டும் வெளியே விடுகிறது. ஆகவே விசிறியும் வடிகட்டியுமே இப்பொறியின் உயிர்.

வண்டியளவு பொறி கைக்கு அடங்கிய கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கான்டன் நகரத்துக் கடை ஒன்றைத் துப்புரவு செய்துவந்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அவருக்கும் இளைப்பு நோய். பெருக்கும்போது எழும் தூசி அவரை வாட்டியது. பிழைப்பை விடவும் இயலாது. தூசியைத் தாங்கவும் இயலாது. 1907-இல் ஒரு மின்விசிறியின் மோட்டாரையும், பெட்டி ஒன்றையும், துடைப்பக் கைப்பிடியையும், தலையணை உறையையும் இணைத்து ஒரு பொறி செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தோல் பொருள் வணிகரான வில்லியம் ஹூவர் அவ்வுரிமையை வாங்கித் தொழில் நடத்தினார். மோட்டார் வண்டிகள் பெருகக் குதிரைச் சேணங்களின் தேவை குறைந்துவந்த காலம் அது. நாளடைவில் ஆங்கில நாட்டில் தூசி உறிஞ்சுவதற்கே ஹூவர் என்று பெயர் வழங்கலாயிற்று. ஸ்பாங்ளரின் பெயரை அறிந்தவர் சிலரே. தன் நோய்க்கு மருந்து தேடிய ஒரு துப்புரவுப் பணியாளர், உலகத்து இல்லங்களுக்கெல்லாம் ஒரு கருவியைத் தந்தார். இவ்விடத்தைப் படித்தபோது என் தங்கை மகனின் முகமே என் நினைவில் எழுந்தது.

1921-இல் சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம், தரையில் சறுக்கிச் செல்லும் உருளை வடிவப் பொறியை வெளியிட்டது. இந்தியாவில் 1982-இல் அந்நிறுவனத்தின் கூட்டோடு தோன்றிய யூரேகா ஃபோர்ப்ஸ், கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பி இப்பொறியை அறிமுகம் செய்தது. ஆங்கிலேயரான ஜேம்ஸ் டைசன், பை இல்லாமல் சுழற்காற்றால் தூசியைப் பிரிக்கும் பொறிக்காக 5,127 மாதிரிகள் செய்தார். 2002-இல் ரூம்பா என்னும் தானே ஊர்ந்து பெருக்கும் பொறியும் வந்தது.

இனி என் தங்கையின் கேள்விக்கு வருவோம். வரலாறு எனக்குச் சொன்ன முதற்பாடம், பிறர் தேவைக்கு எழுந்த கருவியை நம் தேவைக்கு அளந்து பார்க்க வேண்டும் என்பது. அவள் வீட்டில் கம்பளம் இல்லை. சிமெண்டுத் தரையும் ஓட்டுத் தரையுமே உண்டு. ஆகவே கம்பளத்தைக் கிளறும் சுழல் தூரிகைக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, வாட் எண்ணைக் கண்டு மயங்கலாகாது. அது பொறி உண்ணும் மின்சாரத்தின் அளவு. செய்யும் வேலையின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டுப் பொறிகளுக்கு 900 வாட் என்ற வரம்பையே விதித்தது. அதனால் அங்குள்ள வீடுகளில் தூசி பெருகிவிடவில்லை. மூன்றாவது, இளைப்பு நோயாளி உள்ள வீட்டில் வடிகட்டியே முதன்மை. ஹெப்பா எனப்படும் நுண்வடிகட்டி, இரண்டாம் உலகப் போர்க்கால அணு ஆராய்ச்சியில் கதிரியக்கத் துகள்களைத் தடுப்பதற்காகத் தோன்றியது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் 99.97 விழுக்காட்டை அது தடுக்க வல்லது. வடிகட்டி நன்றாக இல்லையெனில், முன்புறம் எடுத்த தூசியைப் பொறி பின்புறம் ஊதிவிடும். குழந்தைக்கு நன்மை செய்யாது. நான்காவது, மாற்றுப் பையும் வடிகட்டியும் பழுதுநீக்கும் ஆளும் சாத்தூரிலோ சிவகாசியிலோ கிடைக்க வேண்டும். இந்நான்கையும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அவளிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது. "அண்ணே, அவரு வேலைத் துணியில ஒட்டியிருக்கிற மருந்தையும் இதாலேயே எடுத்துடலாமா?" என்று கேட்டாள். படித்தவுடன் என் நெஞ்சு நடுங்கியது. எழுதி அனுப்பப் பொறுக்காமல், உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

வெம்பக்கோட்டையும் சிவகாசியும் சார்ந்த நிலப்பகுதி தீயோடு வாழும் பகுதி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். வானம் பார்த்த பூமிக்கு அத்தொழில் வாழ்வளித்தது. பட்டாசுத் தொழிலும் அதனைத் தொடர்ந்து வளர்ந்தது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தூய்மைப் பொறிக்கும் அவ்விபத்துகளுக்கும் தொடர்பில்லை. எனினும் மருந்துத் துகள் எத்தகையது என்பதை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

வீட்டுப் பொறியின் மோட்டாரில் கரித்துண்டுகள் சுழலும் செம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அவ்விடத்தில் சிறு பொறிகள் பறக்கும். நெகிழிக் குழாயில் தூசி உரசிச் செல்வதால் நிலைமின்னேற்றம் பெருகும். அதுவும் பொறி எழுப்பும். வெடிமருந்தோ, அலுமினியத் தூளோ அதனுள் புகுந்தால் என்ன ஆகும்? எரிபொருளும், காற்றும், தீப்பொறியும் ஒரே பெட்டிக்குள் கூடும். எரிய வல்ல எந்த நுண்தூளும் காற்றில் கலந்து மிதக்கும்போது நெருப்புக் கண்டால் வெடிக்கும் இயல்புடையது. கரிசல் புழுதிக்கு நலம் செய்யும் பொறி, வெடிமருந்துத் துகளுக்குத் திரியாகிவிடும்.

"அம்மா, அந்தத் துணிமேல் பொறியைக் காட்டவே காட்டாதே. உதறவும் வேண்டாம். ஆலையிலேயே உடை மாற்றிக்கொண்டு வரச் சொல். பருத்தித் துணியே உடுத்தச் சொல். வேலைத் துணியை வேறாக, நிறைந்த நீரில் அலசு" என்றேன். சற்று நேரம் அவள் பேசவில்லை. பின்பு, "நல்லவேளை, கேட்டேன் அண்ணே" என்றாள்.

சித்திரையில் அவள் வீட்டுக்குச் சென்றேன். அளவான பொறி ஒன்று மூலையில் இருந்தது. அதன் பக்கத்திலேயே வாரியலும் இருந்தது. முற்றத்துக்கு நீர் தெளித்து வாரியல், அறைக்குப் பொறி, வேலைத் துணிக்குத் தண்ணீர் என்று அவள் வகுத்திருந்தாள். கணவரின் வேலைத் துணி இப்போது வீட்டுக்குள் வருவதில்லை. கொல்லைப்புறத் தொட்டிக்கே செல்கிறது.

அன்று மாலை மருமகனோடு வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டைக் காணச் சென்றேன். தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 முதல் மூன்று கட்டங்களாக அகழாய்ந்த இடம் அது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொருள்களும் அங்கே கிடைத்தன. அவற்றை மண்ணிலிருந்து பிரித்தவை சிறு கரண்டியும் மென்மையான தூரிகையுமே என்று சிறுவனுக்குச் சொன்னேன். "இங்கே ஏன் மாமா பெரிய மிஷின் வைக்கல?" என்று கேட்டான். "விரைந்து எடுத்தால் மணியும் மண்ணோடு போய்விடும்" என்றேன்.

மாணவ நண்பர்களே, கருவி பெரிதா சிறிதா, புதிதா பழையதா என்பது பிற்பட்ட கேள்வி. எடுக்கப்போகும் தூசி எத்தகையது என்பதே முதற்கேள்வி. அதைக் கேட்டபின் கடைக்குச் செல்லுங்கள்.