வளர்ப்பு நாயுடன் கப்பலில் பிரிட்டன் பயணம்: அறிந்திருக்க வேண்டிய விதிமுறைகள்

ஐரோப்பிய நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வளர்ப்பு நாயுடன் பயணம் மேற்கொள்வோர் பலர், கார்களையும் ஏற்றிச் செல்லும் பயணிகள் கப்பல்களையே தேர்ந்தெடுக்கின்றனர். கப்பலில் இடம் பதிவு செய்வது எளிது. ஆனால், நாய் கப்பலில் ஏற முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பயணச்சீட்டு அல்ல. அதன் மருத்துவச் சான்றிதழில் பதிவாகியுள்ள தேதிகளே.

அவற்றில் ஒன்று தவறினாலும், கடல் வழியாக வந்த நாய்க்குப் பிரிட்டனில் அனுமதி மறுக்கப்படலாம். அல்லது 4 மாதங்கள் வரை அது தனிமைப்படுத்தப்படலாம். அதற்கான செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும்.

விமானம் இருக்கக் கப்பல் ஏன்?

பிரிட்டனுக்கு விமானத்தில் வரும் நாய்கள், உதவி நாய்களைத் தவிர, பயணிகளுடன் இருக்கைப் பகுதியில் அனுமதிக்கப்படுவதில்லை. அவை சரக்காகப் பதிவு செய்யப்பட்டே கொண்டுவரப்பட வேண்டும். யூரோஸ்டார் ரயிலிலும் உதவி நாய்களுக்கு மட்டுமே இடமுண்டு.

எனவே, பாரீஸ் அல்லது ஆம்ஸ்டர்டாம் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து கப்பலிலோ, கடலடிச் சுரங்கத்தில் கார்களை ஏற்றிச் செல்லும் ரயிலிலோ பிரிட்டனை அடைவது பலர் பின்பற்றும் வழியாக உள்ளது.

நூறாண்டுப் பின்னணி

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு அடிப்படைக் காரணம், வெறிநாய்க்கடி எனப்படும் ரேபிஸ் நோய். வெளிநாட்டு நாய்களைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தும் முறை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் தொடங்கியது. பின்னாளில் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அந்தக் காலம் 6 மாதங்களாக இருந்தது. வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய குடும்பங்கள், தங்கள் நாயை அரையாண்டு காலம் கம்பிக் கூண்டுக்கு அப்பால் நின்றே பார்க்க முடிந்தது.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி, செல்லப்பிராணிகள் பயணத் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் இந்த நிலை மாறியது. மைக்ரோசிப், தடுப்பூசி, உரிய ஆவணங்கள் ஆகியவை இருந்தால் தனிமைப்படுத்தல் தேவையில்லை என்றானது. அதாவது, கூண்டின் இடத்தைத் தேதிகள் பிடித்துக்கொண்டன. இன்றைய விதிமுறைகள் கடுமையாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

வரிசை மாறினால் செல்லாது

* முதலில் நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தப்பட வேண்டும். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி செலுத்தப்பட வேண்டும். சிப் பொருத்தும் முன் போட்ட தடுப்பூசி கணக்கில் கொள்ளப்படாது. மீண்டும் போட வேண்டும்.

* தடுப்பூசி செலுத்தும்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரங்கள் நிறைவடைந்திருக்க வேண்டும்.

* முதல் தடுப்பூசிக்குப் பின் 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். ஊசி போட்ட நாள் பூஜ்ஜியமாகக் கணக்கிடப்படும். ஜூன் 1-இல் ஊசி போட்டால் ஜூன் 22 முதல் பயணிக்கலாம்.

* அடுத்த தவணை ஊசி உரிய தேதிக்குள் போடப்படாவிட்டால், பின்னர் போடுவது மீண்டும் முதல் ஊசியாகவே கருதப்படும். காத்திருப்பும் புதிதாகத் தொடங்கும்.

பிரிட்டனில் இருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் செல்வோருக்கு, 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் வழங்கப்பட்ட செல்லப்பிராணி கடவுச்சீட்டு செல்லாது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பயணத்துக்கும் விலங்கு நலச் சான்றிதழ் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாள்களுக்குள் அது வழங்கப்பட்டிருக்க வேண்டும். அது செல்லுபடியாகும் காலத்துக்குள் அதைக் கொண்டே பிரிட்டன் திரும்பலாம். ஒருவர் அதிகபட்சம் 5 செல்லப்பிராணிகளை அழைத்துச் செல்ல முடியும்.

பலர் தவறவிடும் மாத்திரை

பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகிய நாடுகளுக்குள் நுழையும் நாய்களுக்கு நாடாப்புழு நீக்க மருந்தும் கட்டாயம். நரிகளிடம் காணப்படும் ஒருவகை நாடாப்புழு நாய்கள் வழியாக மனிதர்களுக்குப் பரவி, கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. அந்தப் புழு இல்லாத இந்நாடுகள், அது நுழைவதைத் தடுக்க இந்த விதியைப் பின்பற்றுகின்றன. இந்த நாடுகளுள் ஒன்றிலிருந்து நேரடியாகப் பிரிட்டன் வரும் நாய்க்கு மட்டும் விலக்கு உண்டு.

பிரிட்டனை அடைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும், கால்நடை மருத்துவரால் இந்த மருந்து கொடுக்கப்பட வேண்டும். கப்பல் ஞாயிறு நண்பகல் கரை சேரும் எனில், செவ்வாய் நண்பகல் முதல் சனி நண்பகல் வரையிலான நேரத்துக்குள் மருந்து அளிக்கப்பட்டிருக்க வேண்டும். தேதியுடன் நேரத்தையும் மருத்துவர் ஆவணத்தில் குறிப்பிட வேண்டும். உரிமையாளரே வீட்டில் கொடுத்த மாத்திரை ஏற்கப்படாது.

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு...

உலக அளவில் ரேபிஸ் நோயால் ஏற்படும் உயிரிழப்புகளில் சுமார் 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இரண்டின் அங்கீகாரப் பட்டியல்களிலும் இந்தியா இடம்பெறவில்லை. எனவே, இங்கிருந்து செல்லும் நாய்க்குக் கூடுதலாக ரத்தப் பரிசோதனை தேவை.

தடுப்பூசி போட்டு குறைந்தது 30 நாள்கள் கழித்து ரத்த மாதிரி எடுக்கப்பட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில், நோய் எதிர்ப்புத் திறன் மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருப்பது உறுதி செய்யப்பட வேண்டும். மாதிரி எடுத்த நாளிலிருந்து 3 மாதங்கள் கழிந்த பின்னரே பயணிக்க முடியும்.

இதன்படி கணக்கிட்டால், தடுப்பூசியில் தொடங்கி ஏறக்குறைய 4 மாதங்கள் தேவை. ஏழு மாதங்களை நெருங்காத குட்டியை இந்த வழியில் அழைத்துச் செல்ல இயலாது. வேலை நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு ஏற்பாடுகளைத் தொடங்கினால், குடும்பம் புறப்படும் நாளில் நாய் இங்கேயே தங்க நேரிடும்.

இந்தியாவை விட்டு வெளியேறுவதற்கான சான்றிதழை, சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் செயல்படும் மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு மையங்களில் பெறலாம். ஐரோப்பாவில் இறங்கிப் பிரிட்டன் செல்வோர், இரு தரப்பு விதிகளின்படியும் ஆவணங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். உரிமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடைவெளி 5 நாள்களைத் தாண்டினால், வணிக ரீதியிலான இறக்குமதிக்கான விதிகள் பொருந்தும்.

கப்பலில் நடைமுறை என்ன?

டோவர்–கலே போன்ற குறுகிய தடங்களில் பயண நேரம் சுமார் ஒன்றரை மணி. இங்கு நாய்கள் பெரும்பாலும் காரிலேயே விடப்படுகின்றன. கப்பல் நகரும்போது கார் தளத்துக்குப் பயணிகள் செல்ல முடியாது. எனவே, சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதும், நாய் அசைந்தால் ஒலிக்கும் கார் அபாய மணியை நிறுத்தி வைப்பதும், தண்ணீர் வைப்பதும் அவசியம். சில கப்பல்களில் உரிமையாளருடன் நாய் தங்குவதற்குத் தனிக் கூடமும் உண்டு.

ஹாலந்தின் ஹூக் துறைமுகத்திலிருந்து பிரிட்டனின் ஹார்விச் செல்லும் கப்பலில், நாயுடன் தங்கும் அறைகளும் நாய்க்கூண்டுகளும் உள்ளன. கார் இல்லாமல் வருவோரும் இதில் நாயை அழைத்துச் செல்லலாம். டோவர்–கலே தடத்தில் அவ்வாறு அனுமதியில்லை என்பதால், ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கும் பயணிகளுக்கு ஹார்விச் தடம் ஏற்றது. இத்தகைய அறைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

தட்டை மூக்கு கொண்ட பக் போன்ற இனங்கள் வெப்பத்தில் எளிதில் மூச்சுத்திணறலுக்கு ஆளாகும். கால்நடை மருத்துவரின் ஆலோசனையின்றி மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, எக்ஸ்எல் புல்லி ஆகிய இனங்களுக்கு இங்கிலாந்தில் தடை உள்ளது.

மாற்றம் வருமா?

2025 மே 19-ஆம் தேதி லண்டனில் நடைபெற்ற உச்சி மாநாட்டில், செல்லப்பிராணிகளுடனான பயணத்தை எளிதாக்குவதற்குப் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இசைவு தெரிவித்தன. ஒவ்வொரு முறையும் சான்றிதழ் பெறுவதற்குப் பதிலாக, பல பயணங்களுக்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டை அனுமதிப்பது அதன் நோக்கம்.

எனினும், மைக்ரோசிப், தடுப்பூசி, காத்திருப்புக் காலம் ஆகியவை நோய்த் தடுப்புக்கான ஏற்பாடுகள் என்பதால், கடவுச்சீட்டு திரும்பினாலும் அவற்றைத் தவிர்க்க முடியாது. ஆகவே, நாயுடன் கடல் கடக்க விரும்புவோர் முதலில் அணுக வேண்டியது பயண முகவரை அல்ல, கால்நடை மருத்துவரை. ஊசி தேதி முடிவான பிறகே கப்பல் தேதியை முடிவு செய்வது நல்லது.