கோஷ்டியும் வாசற்படியும்

பசுக்கள் சேர்ந்து தங்கும் தொழுவத்துக்கு வடமொழியில் 'கோஷ்டம்' என்று பெயர். அதனடியாகப் பிறந்த 'கோஷ்டீ' என்னும் சொல் கூடிப் பேசும் அவையைக் குறிப்பதாயிற்று. திவ்யதேசங்களில் அருளிச்செயல் ஸேவிக்கும் அடியார் திரளுக்கு இன்றளவும் அதுவே பெயர். ஓரிடத்தில் கூடியிருப்பது மட்டும் கோஷ்டியாகுமோ என்னும் ஐயத்தைக் குருபரம்பரை கூறும் ஐதிஹ்யம் ஒன்று தீர்த்து வைக்கிறது.

நஞ்சீயர் திருவடிகளை ஆச்ரயித்த நம்பிள்ளை, திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்து வந்த காலம் அது. வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு 36000 படி அந்தக் காலக்ஷேபத்தின் பேறேயாகும். கேட்டுக் கலையும் திரளைக் கண்டவர்கள், இது நம்பெருமாள் கோஷ்டியோ, நம்பிள்ளை கோஷ்டியோ என வியந்தனர்.

முதலியாண்டான் திருவம்சத்தவரான கந்தாடைத் தோழப்பருக்கு இப்பெருமை பொறுக்கவில்லை. ஒருநாள் பெருமாள் திருமுன்பே நம்பிள்ளையைக் கடுஞ்சொல்லால் இகழ்ந்தார். நம்பிள்ளை மறுமொழி கூறாமல் அகன்றார். செய்தியறிந்த தோழப்பரின் தேவியார், பாகவதாபசாரத்துக்கு அஞ்சிக் கணவருக்குச் செய்யும் பணிவிடையினின்று ஒதுங்கி நின்றார். அதனால் தெளிவு பெற்ற தோழப்பர், க்ஷமை வேண்டப் புறப்பட்டு இரவிலேயே கதவைத் திறந்தார். வாசற்படியில் நம்பிள்ளை காத்துக் கிடந்தார். முதலியாண்டான் வம்சத்தவர் திருவுள்ளம் கலங்கத் தாம் காரணமானதாகச் சொல்லி, அவரே க்ஷமை வேண்டினார். தோழப்பர் அவரை எடுத்து அணைத்து, சிலருக்கு ஆசார்யர் என்றிருந்த தேவரீர் உலகுக்கே ஆசார்யர் என்று கொண்டாடினார். 'லோகாசார்யர்' என்னும் திருநாமம் அவ்வாறு வழங்கலாயிற்று. மணவாள மாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் இதனைப் பேசியருளினார்.

இகழ்ந்த வாயே விருது அளித்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. அந்த இரவில் இருவரும் தத்தம் பெருமையைப் பற்றி நின்றிருந்தால் கோயில் இரண்டுபட்டிருக்கும். குற்றமுடையவர் எழுமுன் குற்றமற்றவர் வாசலில் வந்து கிடந்தமையால் கோஷ்டி நிலைத்தது. அவையில் இடம்பெறாத தேவியாரின் மௌனமும் அக்கோஷ்டியைக் காத்ததேயாம்.

வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் குமாரருக்கு இத்திருநாமத்தையே சாற்றினார். அவரே ஸ்ரீவசநபூஷணத்தில் பாகவதாபசாரத்தின் கொடுமையை விரித்துரைத்த பிள்ளைலோகாசார்யர். தீர்த்தம் பெறுவதில் முன்பின் குறித்து மனவருத்தம் எழும் கோஷ்டிகளில், அத்திருநாமத்தோடு அதன் பிறப்பிடமான வாசற்படியும் நினைக்கத்தக்கது.